பால்வாடியில் ஷிப்ட் மாறும் நேரம்

சத்துமாவின்மேல் வெந்நீர் விழும்போது ஒரு வாசனை கிளம்பும். வறுத்த தானியமும் வெல்லமும் கலந்த அந்த வாசனையோடு, ஏரிக்கு அந்தப் பக்கம் எழும்பிக்கொண்டிருந்த கம்பெனிக் கட்டடத்தின் ஈரச் சிமெண்டு வாடையும், ரோட்டில் போகும் லாரிகளின் டீசல் புகையும் சேர்ந்து, எங்கள் ஊர்ப் பால்வாடியின் ஒற்றை அறைக்குள் காலையிலேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். பலகையில் அங்கன்வாடி மையம் என்று எழுதியிருந்தாலும் ஊரில் எல்லோர் வாயிலும் அது "பால்வாடி"தான். பாலைத்தான் நாங்கள் யாரும் அங்கே கண்ணால் பார்த்ததில்லை, முட்டை மட்டும் ஒழுங்காக வந்தது. இன்றைக்கும் எங்கேயாவது சத்துமாவு பிசைகிற வாசனை வந்தால், என் நாக்கு தானாகவே இரண்டு மொழிக்குத் தயாராகிறது. ஒன்று தமிழ். இன்னொன்றை ஏறக்குறையத் தொலைத்துவிட்டேன்.

வருகிற திங்கட்கிழமை, ஒரகடத்தில் தொழிலாளர் குடியிருப்புகளுக்கு நடுவே வாடகைக்குப் பிடித்திருக்கும் ஒரு கூடத்தில், பள்ளிக்கூடம் சேரும் வயது வராத சின்னப் பிள்ளைகளுக்காக ஒரு இருமொழி வகுப்பைத் தொடங்குகிறேன். பாதிப் பேர் உள்ளூர்ப் பிள்ளைகள், பாதிப் பேர் ஒடிசாவிலிருந்து வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள். காலையில் எல்லோருக்கும் தமிழ், உச்சிக்கு மேல் எல்லோருக்கும் ஒடியா. ஒரு கூட்டம் பேச இன்னொரு கூட்டம் திருதிருவென்று விழிக்கும் வகுப்பாக இது இருக்காது, ஆளுக்குப் பாதி நாள் விழிக்கலாம். "இது எந்த நாட்டுத் திட்டம்?" என்று கேட்கிறவர்களிடம், வெளிநாடுகளில் நடக்கிற முறைதான் என்று சொன்னால் உடனே மரியாதையாகத் தலையாட்டுகிறார்கள். குழந்தைக் கல்வி படித்த காலத்தில் நானும் அதைப் பாடமாக வாசித்தேன். வாசிக்கும்போது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது, ஏனென்றால் அந்த முறையை எங்கள் ஊரில் ஒரு கம்பெனி பஸ்ஸை வைத்துக்கொண்டு எப்போதோ நடத்திப் பார்த்தாகிவிட்டது.

அப்போது எனக்கு முதல் வகுப்பில் சேர வயது போதவில்லை. கூடப் பிறந்த பிள்ளைகள் போல என்னோடு விளையாடிய பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் பை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போக, நான் மட்டும் பால்வாடியிலேயே இன்னொரு வருடம் நின்று, அங்கே எல்லோரையும்விடப் பெரியவளாக, சின்னதுகளை மிரட்டும் அந்தஸ்தோடு இருந்தேன். அப்பா எங்கள் நிலத்தை விற்றுவிட்டு, பிள்ளைப்பாக்கம் பக்கம் யாருடைய நிலத்திலோ குத்தகைக்குக் கத்திரிக்காய் போட்டுக்கொண்டிருந்தார். அம்மா ஒரு கம்பெனியில் "பேக்கிங் லைனில்" வேலை பார்த்தாள். முதல் ஷிப்ட் என்றால் இருட்டோடு கிளம்பிவிடுவாள், அப்பா என்னைக் குளிப்பாட்டிப் பால்வாடியில் விட்டுவிட்டுத் தோட்டத்துக்குப் போவார். பால்வாடி இருந்ததால்தான் அம்மா வேலைக்குப் போக முடிந்தது. அது ஒரு நாள் மூடிக்கிடந்தால் அம்மாவுக்கு அன்றைக்குக் கம்பெனியும் கிடையாது.

எங்கள் ஊரில் கடிகாரம் பார்த்து யாரும் மணி சொன்னதில்லை. "பஸ்ட் ஷிப்ட் வண்டி போய்டுச்சி, எழுந்திருடி" என்றால் விடிகாலை, "செகண்ட் ஷிப்ட் வண்டி வந்துடுச்சா?" என்றால் உச்சிவேளை. அந்த இரண்டாம் ஷிப்ட் வண்டி ஒரு வெள்ளை பஸ். வாலாஜாபாத் பக்கத்து ஊர்களில் எல்லாம் ஆள் ஏற்றிக்கொண்டு, ஏரிக்கரை வழியாக ஆடி ஆடி வந்து, பால்வாடி முனையில் திரும்பும்போது ஒரு நீண்ட ஹாரன் அடிக்கும். அது அடித்தால் எங்களுக்குச் சோறு. நாங்கள் விளையாடுவதும் "கம்பெனி விளையாட்டு"தான். தலையில் கைக்குட்டையைத் தொப்பியாகக் கட்டிக்கொண்டு வரிசையாக நின்று சோடா மூடிகளைக் கைமாற்றுவோம், பஸ் போனதும் ஒரு வரிசை உட்கார இன்னொரு வரிசை எழுந்து வரும். போகிறவள் வருகிறவளுடைய உள்ளங்கையில் தட்டி "ஹேண்டோவர்" என்று சொல்லிவிட்டுத்தான் போகவேண்டும். அது நான் கொண்டுவந்த சட்டம். "மாத்தாளு வந்து நிக்காம எடத்த வுட்டு நவுரக் கூடாது" என்று அம்மா தன் லைனைப் பற்றி வீட்டில் சொல்லிக்கொண்டே இருப்பாள். அதோடு இன்னொன்றும் சொல்வாள்: "சூப்பர்வைசர் வர்ற சொல்ல அவங்கவங்க எடத்துலயே நிக்கணும். அன்னிக்கின்னு பாத்து எடம் மாத்திக்கினு நின்னா போச்சி." இந்த இரண்டாவது சட்டம் பின்னால் எங்களை எந்தப் பாடு படுத்தியது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

எங்கள் டீச்சர் பெயர் தேவகி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து எங்கள் ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். புதுப்பெண்ணாக வந்த காலத்தில் கடைக்குப் போய் வாய் திறந்தால் போதும், கடையில் நின்றவர்கள் அவர் பேச்சைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்களாம். "ஒரே தமிழுதான பேசினேன், அதுக்கே என்னைய அந்தப் பாடு படுத்தினியளே" என்று ஊர்ப் பெண்களிடம் அவர் பல வருடம் கழித்தும் சொல்லிக்காட்டுவார். பழகிய பிறகும் தன் பேச்சை அவர் மாற்றிக்கொள்ளவில்லை, எங்களுடைய "இன்னா"வையும் "கீது"வையும் திருத்தவும் இல்லை.

ஏரிக்கு அப்பால் கம்பெனிக்குக் கடகால் தோண்டியபோது, அதன் ஓரத்தில் தகரக் கொட்டகைகள் முளைத்தன. ஒடிசாவிலிருந்து குடும்பம் குடும்பமாகக் கட்டட வேலைக்கு வந்திருந்தார்கள். ஊரில் அவர்களை "இந்திக்காரங்க" என்றுதான் சொன்னார்கள். அவர்கள் பேசுவது இந்தி இல்லை என்பது யாருக்கும் தெரியாது, தெரிந்துகொள்ளும் அவசரமும் யாருக்கும் இல்லை. தேவகி டீச்சர் ஒருநாள் கொட்டகைப் பக்கம் போய், அங்கே மணல்மேட்டில் கிடந்த பிள்ளைகளை எல்லாம் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். வந்ததுகள் அரிசி மூட்டை ஓரமாக ஒட்டி உட்கார்ந்துகொண்டு, பேசாமல், முட்டையை மட்டும் வாங்கித் தின்றுவிட்டுப் போயின. டீச்சர் தமிழையே இன்னும் கொஞ்சம் சத்தமாகப் பேசிப் பார்த்தார். சத்தமாகப் பேசினால் புரியும் என்று அவரும் அப்போது நம்பினார்.

அந்தக் கூட்டத்தில் என் வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள், பெயர் ரூனு. ஒருநாள் காலையிலிருந்தே "கானொ, கானொ" என்று அழுதுகொண்டிருந்தாள். பசி என்று நினைத்துச் சத்துமாவு கொடுத்தார்கள், தண்ணீர் கொடுத்தார்கள், வெளியே கூட்டிக்கொண்டு போனார்கள், கடைசியில் அடம் பிடிக்கிறாள் என்று விட்டுவிட்டார்கள். சாயங்காலம் வேலை முடிந்து வந்த அவள் அம்மா மாலதி, வாசலில் கேட்ட முதல் அழுகையிலேயே ஓடிவந்து, அவள் தலையை மடியில் சாய்த்துக் காதைத் திருப்பிக் காட்டினாள். உள்ளே சீழ் கோத்திருந்தது. டீச்சர் அந்தக் காதையே பார்த்துக்கொண்டு நின்றார். "காது வலிக்குன்னு ஒரு பிள்ளை பொழுதன்னைக்கும் சொல்லியிருக்கு. சொல்லத் தெரியாமயா இருந்துச்சு? கேக்கத்தான் இங்க ஆளில்ல" என்று சொல்லிவிட்டு அவர் அழுதது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பெரியவர்கள் அழுதால் பிள்ளைகளுக்கு மறக்காது.

அதற்குக் கொஞ்ச நாளில் மாலதிக்கு அடுத்த குழந்தை பிறந்தது. கைக்குழந்தையோடு சாந்துச் சட்டி தூக்க முடியாமல் கொட்டகையில் இருந்தவளை, டீச்சர் பால்வாடிக்கு வந்து உட்காரச் சொன்னார். எங்கள் கம்பெனி விளையாட்டை அப்படியே எடுத்து வகுப்புக்குச் சட்டமாக்கினார். செகண்ட் ஷிப்ட் வண்டி வரும்வரை தமிழ், வண்டி ஹாரன் அடித்தால் நாங்கள் எங்களோடு ஜோடி சேர்த்துவிட்டிருந்த கொட்டகைப் பிள்ளையின் உள்ளங்கையில் தட்டி "ஹேண்டோவர்" சொல்லவேண்டும், அதற்குமேல் ஒடியா. சோறும் கதையும் தூக்கமும் ஒடியாவில் நடக்கும். சாயங்காலம் வீட்டிலிருந்து ஆள் வந்தால், ஜோடி திரும்ப நம் கையில் தட்டினால்தான் மறுபடியும் தமிழ். என் ஜோடி ரூனு. நாங்கள் மாலதியை "மாவுசி" என்று கூப்பிடக் கற்றுக்கொண்டோம், சித்தி என்று அர்த்தம். தண்ணீர் வேண்டும் என்றால் "பாணி தியொ" என்று கேட்டால்தான் மாவுசி சொம்பை எடுப்பாள். தமிழில் கேட்டால் குழந்தையைத் தட்டிக்கொடுத்தபடி கூரையைப் பார்ப்பாள். அவளுக்குத் தமிழ் கொஞ்சம் புரியும் என்பது எங்களுக்குத் தெரியும், தெரிந்தாலும் தாகம் எடுக்கிறதே, என்ன செய்ய. முட்டைக்கு அவர்கள் சொல்லும் சொல் "அண்டா" என்று தெரிந்த அன்றைக்கு நாங்கள் உருண்டு சிரித்ததில் சோறு ஆறிப்போயிற்று.

காலையில் கஷ்டம் அவர்களுக்கு, மத்தியானம் எங்களுக்கு. அதனால் யாரும் யாரையும் ரொம்ப நேரம் கேலி செய்ய முடியாது, பஸ் வந்துவிடும். எங்களைச் சோதிக்க டீச்சர் ஒரு தந்திரமும் வைத்திருந்தார். பஸ் போனபிறகு திடீரென்று தமிழில் "யாருக்கு மிட்டாய் வேணும்?" என்று கேட்பார், "எனக்கு" என்று கத்துகிற பிள்ளை அவுட். முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு கெஞ்சுவார், கோபித்துக்கொள்வது போல நடிப்பார். நாங்கள் வாயை இறுக மூடிக்கொண்டு நிற்போம்.

என் அம்மாவுக்கு இது துளியும் பிடிக்கவில்லை. சாயங்காலம் கம்பெனி கோட்டோடு வந்து வாசலில் நிற்பாள், நான் ரூனுவைத் தேடிப் பிடித்துக் கையில் தட்டு வாங்கிக்கொண்டுதான் "அம்மா" என்பேன். "இன்னாடி கூத்து இது, தெனமும்?" என்று என் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவாள். ஒருநாள் வீட்டில் தூக்கக் கலக்கத்தில் "பாணி" கேட்டுவிட்டேன். அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்தாள்.

"இன்னா பேசிக்கினு கீறடி நீ? நான் லைன்ல நின்னு நின்னு கால் வீங்கறது எதுக்கு? நீ இங்கிலீஷ் பட்ச்சி, ஏசி ரூம்ல குந்தறதுக்கு. சிமெண்டு தூக்கறவங்க பாஷைய கத்துக்கினு சிமெண்டா தூக்கப்போற?"

அம்மாவை நான் குறை சொல்லமாட்டேன். இந்த வட்டாரத்தில் எந்த மொழி பேசினால் எந்த நாற்காலி என்பதை அவள் தினமும் லைனில் நின்று பார்த்தவள். தமிழ் பேசுகிறவர் நிற்பார், இங்கிலீஷ் பேசுகிறவர் உட்கார்ந்திருப்பார், தனக்குக் கீழே இருப்பதாக அவள் நினைத்த ஒரே ஆட்கள் அந்தக் கொட்டகைக்காரர்கள். இன்னும் சில அம்மாக்களைச் சேர்த்துக்கொண்டு அவள் மேலிடத்தில் புகார் சொல்லிவிட்டாள். அந்தப் பிள்ளைகளைத் தனியாக வைக்கவேண்டும், முடியாவிட்டால் வேறு எங்கேயாவது அனுப்பவேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. விசாரிக்க சூப்பர்வைசர் மேடம் வருவதாகத் தகவல் வந்தது. அங்கன்வாடிகளைக் கண்காணிக்கிற அதிகாரிக்கும் அந்தப் பெயர்தான் என்பது எங்களுக்கு எப்படித் தெரியும்? எங்களுக்குத் தெரிந்த சூப்பர்வைசர் அம்மாவின் லைனில் நின்று கண்ணை உருட்டும் ஆள்தான். அப்படிப்பட்டவர் வருகிறார் என்றால் அவரவர் இடத்தில் அசையாமல் நிற்கவேண்டும் என்று நான் சின்னதுகளுக்கு எல்லாம் எச்சரிக்கை கொடுத்துவைத்தேன்.

மேடம் காலையிலேயே வந்திருந்தால் ஒரு வம்பும் இல்லை. செகண்ட் ஷிப்ட் வண்டி போய், சோறு தின்று, தூங்கி எழுந்த பிறகு ஜீப் வந்தது. மேடம் உள்ளே வந்ததும் குழந்தையோடு உட்கார்ந்திருந்த மாவுசியைப் பார்த்து, "இவங்க யாரு? வெளியாள் உள்ள இருக்கக் கூடாது, வெளிய நிக்கச் சொல்லுங்க" என்றார். மாவுசி பயந்துபோய்க் குழந்தையை அணைத்துக்கொண்டு வாசலுக்கு வெளியே இருந்த புங்கமரத்தடிக்குப் போய்விட்டாள். அப்புறம் மேடம் என்னைப் பார்த்து, "உன் பேர் என்னம்மா?" என்றார்.

ஒடியா ஷிப்ட். முன்னால் நிற்பது சூப்பர்வைசர். "மோ நா கௌரி" என்றேன் நிமிர்ந்து நின்று. பக்கத்தில் இருந்தவனைக் கேட்டார். அவன் "மோ நா முத்து" என்றான். அடுத்தவள், அதற்கடுத்தவன், எல்லோரும் அதே. வீடு எங்கே என்றார், அப்பா பேர் என்ன என்றார், தெரிந்த ஒடியாவில் சொல்லிப் பார்த்தோம், தெரியாததற்குச் சிரித்தோம். மேடம் முகம் சிவந்துவிட்டது.

"உள்ளூர்ப் பசங்க இத்தனை பேர்னு கணக்குக் காட்டறீங்க. ஒண்ணுக்குக்கூட தமிழ் வரலயே? முத்து, கௌரின்னு பேரை மட்டும் மனப்பாடம் பண்ணவச்சிருக்கீங்களா?"

"இல்ல மேடம், இதுக எல்லாம் இந்த ஊரு பிள்ளைய. இப்ப கேளுங்க" என்று டீச்சர் என் பக்கம் திரும்பினார். "ஏட்டி கௌரி, தமிழ்ல பேரச் சொல்லுட்டி. நெசமாத்தான் சொல்லுதேன்."

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். டீச்சர் இன்றைக்கு வழக்கத்தைவிட நன்றாக நடிக்கிறார் என்றுதான் நினைத்தோம். அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. அதுவும் அந்தத் தந்திரத்தில் சேர்ந்ததுதான் என்று வாயைப் பொத்திக்கொண்டோம். முத்து மட்டும் வாய் திறக்கப் போனான், நான் அவன் தொடையில் கிள்ளினேன்.

அந்த நேரத்துக்குத்தான் அம்மா ஷிப்ட் முடிந்து கோட்டோடு வந்து வாசலில் நின்றாள். புகார் கொடுத்தவள் என்பதால் மேடம் எதிரில் பேச ஆயத்தமாகத்தான் வந்திருப்பாள். ஆனால் அவள் காதில் விழுந்தது வேறு. "உள்ளூர்ப் பசங்களே வராத எடத்துக்கு மையம் எதுக்கு? மூடிடலாம்னு எழுதிடறேன்" என்று மேடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அம்மாவுக்கு வேண்டியது கொட்டகைப் பிள்ளைகள் போகவேண்டும் என்பது மட்டும். பால்வாடியே போய்விட்டால் நாளைக்கு என்னை எங்கே விட்டுவிட்டு பஸ் ஏறுவாள்? "மேடம், இது எம் பொண்ணு. இங்கியே பொறந்தது" என்று உள்ளே வந்தாள். "பேர சொல்லுடி" என்றாள் என்னிடம். நான் அவளையும் மேடத்தையும் பார்த்துவிட்டு, அசையாமல், "மோ நா கௌரி" என்றேன். அம்மா கையை ஓங்கினாள்.

ஓங்கிய கை இறங்கவில்லை. நான் நின்ற நிலையை அவள் பார்த்திருக்கவேண்டும்: தலையில் கைக்குட்டைத் தொப்பி, காலைச் சேர்த்து வைத்துக்கொண்டு, சூப்பர்வைசர் முன்னால் லைனில் அவள் எப்படி நிற்பாளோ அப்படி. தினமும் சாயங்காலம் வாசலில் பார்த்துச் சலித்துக்கொண்ட அந்தக் கைதட்டு அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஓங்கிய கையை அப்படியே கீழே இறக்கி, மூட்டை ஓரம் நின்ற ரூனுவுக்கு முன்னால் குனிந்து, "ஷிப்ட் முட்ஞ்சிச்சிமா. எம் பொண்ணுக்கு ஹேண்டோவர் குடு" என்றாள். கோட்டு போட்ட நிஜக் கம்பெனி ஆள் வந்து சொன்னபிறகு மறுப்பு ஏது? ரூனு வந்து என் உள்ளங்கையில் தட்டினாள்.

அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. என் பெயர், அப்பா பெயர், கத்திரிக்காய்த் தோட்டம், அம்மாவின் வீங்கின கால் எல்லாவற்றையும் நான் ஒரே மூச்சில் மேடத்திடம் தமிழில் கொட்டினேன். மற்றதுகளும் ஜோடியைத் தேடி ஓடித் தட்டு வாங்கிக்கொண்டு வந்து மேடத்தைச் சூழ்ந்துகொண்டன. மேடத்துக்கு யாரைக் கேட்பது என்றே தெரியவில்லை. சத்தம் அடங்கியபிறகு ரூனுவைப் பார்த்து, "நீ எந்த ஊர்ப் பொண்ணு?" என்று சந்தேகத்தோடு கேட்டார்.

"ஒடிசா. எங்க வூடு அதோ அங்க கீது. நீங்க சோறு துன்னீங்களா?" என்றாள் ரூனு.

அம்மா வாயில் கையை வைத்துக்கொண்டாள். அது அட்சரம் பிசகாமல் அவள் பேச்சு. அவளிடமிருந்து எனக்கு வந்து, என்னிடமிருந்து ரூனுவுக்குப் போனது. "எங்கூட்டு பேச்சு மேடம் இது" என்றாள். புகாரைப் பற்றி அதற்குமேல் அவள் வாயே திறக்கவில்லை. மேடம் கையிலிருந்த பேனாவை மூடிப் பைக்குள் வைத்தார். "நான் வந்தப்ப பசங்க தூங்கிக்கிட்டு இருந்தாங்கன்னு வச்சுக்கறேன்" என்று டீச்சரிடம் சொல்லிவிட்டு, ஜீப்பில் ஏறும்போது திரும்பி, "அந்தம்மாவ உள்ள கூப்பிடுங்க, கைக்குழந்தையோட வெளிய நிக்கிறாங்க" என்றார். மறுநாள் முதல் அம்மா சாயங்காலம் வந்தால் ரூனு அவள் கையிலும் ஒரு தட்டு தட்டவேண்டும் என்று ஆகிவிட்டது.

மழைக்கு முன்னால் கம்பெனிக் கட்டடம் முடிந்தது. கட்டடம் முடிந்தால் கட்டினவர்களுக்கு அங்கே என்ன வேலை? ஒருநாள் காலையில் கொட்டகைத் தகரங்களைப் பிரித்து லாரியில் அடுக்கி, அதன்மேல் அவர்களும் ஏறிக்கொண்டார்கள். காலை என்பதால் தமிழ் ஷிப்ட். ரூனு சட்டத்தை மீறாமல் மேலே இருந்து "போய்ட்டு வரேன் கௌரி" என்றாள். மாவுசி மட்டும் "ஆசுச்சி" என்றாள். வருகிறேன் என்பதுதான் அதற்கும் அர்த்தம். கிளம்பும்போது போகிறேன் என்று அவர்களும் சொல்வதில்லை. நான் கையை நீட்டினேன், லாரி உயரத்துக்கு எட்டவில்லை. அன்றைக்கு வேலைக்குப் போகாமல் வந்திருந்த அம்மா என்னைத் தூக்கிப் பிடித்தாள், ரூனு குனிந்து என் கையில் தட்டினாள். அன்று உச்சிக்கு வழக்கம்போல வெள்ளை பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. டீச்சர் ஒடியாவில் ஏதோ சொல்லத் தொடங்கிப் பாதியில் நிறுத்திவிட்டு, சோறு பரிமாறப் போய்விட்டார்.

அடுத்த ஜூனில் நான் இங்கிலீஷ் மீடியத்தில் சேர்ந்தேன். என் ஒடியாவை யாரும் பிடுங்கிக்கொள்ளவில்லை. பேச ஆளில்லை, அது போய்விட்டது. ரூனுவின் தமிழும் அடுத்த ஊரில், அடுத்த கட்டடத்தின் மணல்மேட்டில் அப்படித்தான் போயிருக்கும். படிப்பு முடித்தபிறகு அவளைத் தேடிப் பார்த்தேன், ரூனு என்கிற செல்லப்பெயரை மட்டும் வைத்துக்கொண்டு யாரைக் கண்டுபிடிப்பது? எனக்கு இன்றைக்கும் ஆறாத விஷயம் இதுதான். அந்த வயதில் பிள்ளைகள் எதையும் வாங்கிக்கொள்ளும், கொடுக்கவும் செய்யும். கட்டடம் முடிந்தால் வகுப்பும் முடிந்துவிடும் என்று இருந்தால் வாங்கினதும் கொடுத்ததும் வீண். என் வகுப்பு எந்தக் கட்டடத்தையும் நம்பித் தொடங்கப்படவில்லை. வருடா வருடம் நடக்கும், பிள்ளைகள் மாறினாலும் நடக்கும்.

இப்போது அந்தப் பால்வாடி இருந்த இடத்தில் கன்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. ஊரில் வேறு பக்கம் டைல்ஸ் போட்ட புது மையம் வந்திருக்கிறது. புங்கமரம் ரோட்டு அகலத்துக்குப் போய்விட்டது. ஏரிக்கரை வழியாக வந்த வெள்ளை பஸ் ஊருக்குள் வருவதே இல்லை, ஷிப்டுக்குப் போகிறவர்கள் பெரிய ரோட்டில் நின்று ஏறிக்கொள்கிறார்கள். தேவகி டீச்சர் ஓய்வு பெற்றுத் தன் ஊருக்கே போய்விட்டார். வகுப்பு தொடங்கப்போவதைப் போனில் சொன்னபோது, "என்னத்துக்குப் பயப்படுத? ரெண்டு பக்கத்துப் பிள்ளையளையும் ஒண்ணா ஒக்கார வை, மத்தத அதுகளே பாத்துக்கிடும்" என்றார்.

பிள்ளைகள் பார்த்துக்கொள்ளும், பெரியவர்கள்தான் ஒத்துவருவதில்லை. "எங்க பையனுக்கு ஒடியா எதுக்கு, இங்கிலீஷ் சொல்லிக்குடுங்க" என்று உள்ளூர் அப்பாக்கள் கேட்கிறார்கள். "இங்கே எத்தனை நாள் இருக்கப்போகிறோம், தமிழ் எதற்கு?" என்று ஒடிசாக்காரர்கள் கேட்கிறார்கள். குடியிருப்பில் கணவரோடு இருக்கும் சஸ்மிதா என்ற இளம்பெண்தான் ஒடியா நேரத்தை நடத்தப்போகிறாள், ஒடிசாக்காரர்களிடம் அவள் பொறுமையாகப் பேசுகிறாள். உள்ளூர் ஆட்களிடம் பேசும் பொறுப்பை என்னைக் கேட்காமலே அம்மா எடுத்துக்கொண்டாள். லைன் வேலை விட்டாயிற்று, கால்வலி விடவில்லை, அந்தக் காலோடு வீடு வீடாகப் போகிறாள். "எம் பொண்ணு ரெண்டும் பேசினா. நான்தான் கோட்ட வுட்டேன். நீ வுடாத" என்று அவள் ஒரு அப்பாவிடம் சொன்னதை நான் தெருமுனையில் நின்று கேட்டேன். அவர் மறுநாள் வந்து மகன் பெயரைக் கொடுத்துவிட்டுப் போனார். சில பேர் கொடுக்கவில்லை. கொடுத்தவர்களை வைத்துத் தொடங்குகிறோம், மற்றவர்கள் பார்த்துவிட்டு வரட்டும். உச்சிக்கு மேல் நானும் உள்ளூர்ப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, "பாணி தியொ"விலிருந்து மறுபடியும் தொடங்கப்போகிறேன்.

நேற்று கூடத்தைக் கழுவிவிட்டுக் கொண்டிருக்கும்போது அம்மா கேட்டாள்: "பஸ்ஸு வராதே, எத்த வச்சி மாத்துவ?" ஒரு மணி வாங்கி மாட்டப் போகிறேன் என்றேன்.

"மணி அட்ச்சிட்டு சும்மா தொங்கிக்கினு இருக்கும். மாத்தாளு வந்து நிக்கணும்டி" என்றாள்.

வீட்டுக்குப் போனதும் பீரோவின் அடியில் கிடந்த கம்பெனி கோட்டை எடுத்து உதறி, துவைத்து, கொடியில் போட்டாள். திங்கட்கிழமை உச்சிக்கு அதைப் போட்டுக்கொண்டு வந்து, கையை நீட்டியபடி வாசலில் நிற்கப்போகிறாள்.